நாகைக்கும் காரைக்காலுக்கும் நடுவில் குடிவந்த கதை

2022ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஈரோட்டு வீட்டைக் காலிசெய்துகொண்டு காரைக்காலுக்கு வந்தோம். கணவருக்குக் காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. எனக்கு நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியப் பணி. மகள் ஆறாம் வகுப்பில் சேர வேண்டியவள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் என்பதாலும், இரண்டுமே கடலோரத்துச் சிறு நகரங்கள், பேச்சும் சாப்பாடும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதாலும், எந்த ஊரில் வீடு பார்த்தாலும் பெரிய வேறுபாடு இராது என்று நம்பினோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மறுபாதியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஓராண்டும் இன்னொரு வீடு மாற்றமும் தேவைப்பட்டன. இந்தப் பக்கம் குடிவர நினைக்கும் குடும்பங்களுக்கு அந்த ஓராண்டையாவது மிச்சப்படுத்திக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் செய்த பெரிய பிழை அதில்தான். வீடு பார்க்க நாங்கள் வந்தது 2022 பொங்கல் விடுமுறையில். காரைக்காலில் கடற்கரைக்கு நடந்தே போகும் தொலைவில், தரைத்தளத்தில், முற்றத்தோடு ஒரு வீடு பிடித்திருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தோம், இனிப்பாகவே இருந்தது. முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மே மாதம் குடிவந்தபோது அதே தண்ணீர் சற்றுக் கனத்துப்போயிருந்தது. ஆடி பிறந்தபோது வாயில் வைக்க முடியவில்லை. "தண்ணி இப்படிக் கரிக்குதே கண்ணு, இதுல எப்படிச் சோறாக்கறது?" என்று மாமியார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்ற அந்தக் காலைப்பொழுது இன்னும் நினைவில் இருக்கிறது.

இதற்கான காரணத்தைப் பின்னர்தான் புரிந்துகொண்டோம். கடலோர மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலம்போல மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் அந்தப் படலம் தடித்திருக்கும். கோடை நகர நகர மெலியும். தெருவெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் இழுத்தால் கீழிருந்து உப்பு மேலேறிவிடும். ஆகவே தையில் குடித்துப் பார்த்த தண்ணீரை நம்பி ஆடிக்கு வாடகை பேசக்கூடாது. மணல்மேட்டில் இருக்கும் தெருவுக்கும் அதிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் தெருவுக்கும் தண்ணீரில் அவ்வளவு வேறுபாடு இருக்கும். ஊரின் பெயர் அங்கே எந்த உதவியும் செய்யாது. வீடு பார்க்க வருபவர்கள், முடிந்தால் ஆடி, ஆவணி மாதங்களில் வாருங்கள். முடியாவிட்டால், வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட இரண்டு வீடு தள்ளியிருக்கும் குடும்பத்திடம் ஆடி மாதத்தில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது வீட்டை நாகூரில் பார்த்தபோது எங்களுக்கு அந்தப் பாடத்தைச் செய்முறையாகவே காட்டியவர் பக்கத்து வீட்டு அக்கா. நாகூரில் இசுலாமியக் குடும்பங்களில் மூத்த சகோதரியை 'ராத்தா' என்று அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைக்கிறோம். நான் வழக்கம்போல் தண்ணீரைக் குடித்துப் பார்க்கப் போனபோது, "குடிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. ஒரு பிடி துவரம்பருப்பப் போட்டு வேகவச்சுப் பாருங்க" என்று சொல்லித் தம் வீட்டு அடுப்பையே கொடுத்தார். குக்கர் வேண்டாம், திறந்த பாத்திரம்தான் சரி என்றார். காரைக்கால் வீட்டில் ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு மேலே மட்டும் குழைந்து நடுவில் கெட்டியாகவே நிற்கும். இங்கே முக்கால் மணி நேரத்துக்குள் ராத்தா ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினார், மாவாக விரிந்தது. அது சித்திரை மாதம். "ஆடியில கொஞ்சம் கரிக்கும். ஆனா பருப்பு வேகும்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்த வீட்டை எடுத்தோம். அது இன்றுவரை பொய்க்கவில்லை. குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

அடுத்தது எல்லைக்கோடு. நாகையிலிருந்து வடக்கே நாகூரைத் தாண்டியதும் வாஞ்சூரில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. அதனால்தான் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் இந்தச் சிறு மாவட்டம், 130 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள புதுச்சேரியின் ஆட்சிக்குள் இருக்கிறது. அந்த இரண்டு தேதிகளும் காரைக்காலில் அரசு விடுமுறை நாள்கள். எங்கள் முதல் ஆண்டில் நவம்பர் 1 அன்று கணவர் வீட்டில் இருந்தார், நானும் மகளும் நாகைக்குப் பேருந்து ஏறினோம். இந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இல்லை என்று முதன்முதலாக உணர்ந்த நாள் அதுதான்.

குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இந்தக் கோட்டை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான மாநில ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். இடையில் வெளியே படித்திருந்தால் இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டியிருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கோ, பொதுவாக அந்த ஏழு வகுப்புகளையும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் குடியிருப்புச் சான்று பெற 5 ஆண்டுத் தொடர் வசிப்பு தேவை. அங்கே உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் அமைப்பு அதைத்தான் கேட்கும். பாடத்திட்டமும் இப்போது பிரிந்துவிட்டது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள், 2023-24 கல்வியாண்டில் மேல்வகுப்புகளிலும் சி.பி.எஸ்.இ. முறைக்கு மாறத் தொடங்கின. என் மகள் 2022இல் காரைக்கால் அரசுப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருந்தால் ஏழாம் வகுப்பிலேயே பாடநூல்கள் மாறியிருக்கும். எந்த முறை சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடியும்போது எந்தப் பக்கம் என்று முடிவெடுத்துவிட்டால், 12ஆம் வகுப்பு முடியும்வரை கோட்டைத் தாண்டாமல் இருப்பது பிள்ளைக்கு நல்லது. எட்டாம் வகுப்பில் பணியிட மாற்றம் வந்து இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் சான்றிதழுக்காக அலைந்த ஒரு குடும்பத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் களைப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாங்கள் மகளைத் தொடக்கத்திலேயே நாகையில் சேர்த்தது முன்யோசனையால் அன்று, என் கல்லூரி அங்கே இருந்ததால்தான். அது எங்களுக்கு நல்லதாக அமைந்துவிட்டது.

வண்டிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை ஓரிடத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கிப் புது இடத்தில் மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். காரைக்காலுக்குப் பி.ஒய். 02, நாகைக்கு டி.என். 51. அந்த 12 மாதம் முடியும் முன்பே நாகூருக்கு வந்துவிட்டதால் எங்களுக்கு முகவரி மாற்றத்தோடு முடிந்தது. ரேஷன் அட்டையை நாங்கள் ஈரோட்டிலிருந்து அப்போதைக்கு மாற்றாமல் வைத்திருந்ததும் பின்னால் வேலையைக் குறைத்தது. ஓராண்டாவது தங்கிப் பார்க்காமல் ஆவணங்களை மாற்ற அவசரப்படாதீர்கள். அதே சமயம் சட்டம் குறிக்கும் காலக்கெடுவைத் தவறவிடவும் வேண்டாம். மின்கட்டணம் காரைக்காலில் மாதம் ஒருமுறை வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 அலகு இலவசம். இரண்டு ஊர் வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெட்ரோல் காரைக்காலில் விலை குறைவு என்பதால் நாகைக்காரர்கள் அங்கே போய் நிரப்புகிறார்கள். மதுவும் அங்கே விலை குறைவுதான். அதை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், வாஞ்சூரில் சோதனையும் உண்டு. அதைவிட முக்கியம், மாலை இருட்டிய பிறகு அந்த எல்லைப் பகுதியில் இருசக்கர வண்டியில் போகும்போது எதிரே வருபவரின் நிதானத்தை நம்ப வேண்டாம் என்பதுதான். நான் இருட்டுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடும்படி நேரத்தை வகுத்துக்கொண்டேன்.

உப்புக் காற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள், ஆனாலும் அதன் வேகம் எங்களைத் திகைக்க வைத்தது. ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தூள் பத்தே நாளில் கட்டி தட்டியது. மகளின் சைக்கிள் சங்கிலி இரண்டு மாதத்தில் செம்பழுப்பாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தகடு ஓராண்டுக்குள் பொடிந்து உதிரத் தொடங்கியது. கடலைப் பார்த்த சுவரில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாட்டியது எங்கள் தவறு. அதை மேற்குச் சுவரில், கடற்காற்று நேராக அடிக்காத இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். இப்போது கற்றுக்கொண்ட பழக்கங்கள் எளியவை. தாழ்ப்பாள், கீல், பூட்டு எல்லாவற்றுக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய் இடுகிறோம். மின்விசிறியையும் சைக்கிளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துகிறோம். மசாலாப் பொடிகளைச் சிறிது சிறிதாக அரைத்துக்கொள்கிறோம். வெளியில் நிற்கும் கம்பி, கொக்கி போன்றவற்றுக்கு 304 தர எவர்சில்வர் போதாது, 316 கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள இரும்பு பீரோவை விற்றுவிட்டு மரத்தில் செய்துகொண்டது நாங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

ஐப்பசியும் கார்த்திகையும் இங்கே வேறு உலகம். எங்கள் முதல் நவம்பரில், 2022 நவம்பர் 11 அன்று, சற்று வடக்கேயுள்ள சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காரைக்காலிலும் எங்கள் தெருவில் சாலையைவிட வீட்டுத்தரை தாழ்ந்திருந்ததால் வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. சாலை போடும் ஒவ்வொரு முறையும் அது சிறிது உயர்ந்திருக்கிறது, வீடு மட்டும் கட்டியபடியே இருந்திருக்கிறது. பொங்கலில் வீடு பார்த்தபோது சுவரின் அடியில் புதுச் சுண்ணாம்பு மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பூசியிருந்ததைக் கண்டும், அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இரவு பதினொரு மணிக்கு அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, மாமியாரை எதிர் வீட்டு மாடிக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். அந்த வீட்டு அம்மா கேட்காமலே பாய் விரித்து வைத்திருந்தார். தரைத்தளம் வேண்டாம் என்று அன்றிரவே முடிவு செய்துவிட்டோம்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள், நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். 1, 2 என்றால் தொலைவில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 3 ஏறியதும் நாங்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கைப்பேசிகளுக்கு மின்னேற்றி, மாமியாரின் மாத்திரைகளைப் பத்து நாளுக்கு வாங்கி வைத்துவிடுகிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்த ஊர்ப்பக்கம் இது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அந்த நாளை இழப்பில்லாமல் கடந்த வீடு அரிது. அவர்களாகச் சொல்லும்போது உட்கார்ந்து கேளுங்கள். கடலை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தவை அந்தப் பேச்சுகள்தான். காரைக்கால் கடற்கரையில் அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள் என்று எங்களிடம் முதலில் சொன்னவரும் ஒரு மீனவர்தான். அங்கே மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் இழுப்பு இருக்கும்.

போக்குவரத்தில் குறை அதிகமில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. முக்கால் மணி நேரப் பயணம். நாகூர் – காரைக்கால் ரயில் பாதை 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது. காரைக்கால் – எர்ணாகுளம் விரைவு ரயில் நாகை வழியாக ஈரோட்டுக்கும் போகிறது என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் திருவிழா நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பயணம் திட்டமிட முடியாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிக்கு நடந்து வரும் பக்தர்களால் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறைந்துவிடும். செப்டம்பர் 8 வரை அப்படித்தான். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கூட்டம். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி அன்று கணவர் வீடு வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. நாகூர் கந்தூரியின்போது சந்தனக்கூடு ஊர்வலம் நாகையிலிருந்து கிளம்பி இரவு முழுவதும் நகர்ந்து நாகூர் வரும். அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்காலில் அம்மையாருக்கான மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து வீசும் மாம்பழத்தைக் கூட்டத்துக்கு நடுவில் மாமியார் முந்தானையில் பிடித்த அன்றுதான், ஊர் திரும்பிவிடலாமா என்று கேட்பதை அவர் நிறுத்தினார்.

மீன் வாங்குவது ஒரு தனிக் கல்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவருவது மட்டுமே புது மீன், விலையும் கூடும். அந்த மாதங்களில் பெரிய மீனாகத் தட்டில் கிடந்தால் அது வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். நாங்கள் அப்போது கிழங்கான், மத்தி, காரப்பொடி என்று சிறிய மீன்களுக்கு மாறிவிடுகிறோம்.

இப்போது சொந்தமாக மனை வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும் என்பதால், எந்த மனையைக் காட்டினாலும் முதலில் அந்த வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுகிறோம். 'பீச் வியூ' என்று விளம்பரம் செய்யும் மனைகளில் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள். காரைக்கால் பக்கம் பார்த்த ஒரு பழைய வீட்டின் மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதை முறையாக மொழிபெயர்த்து, வழக்கறிஞர் படித்துப் பார்த்து, வாரிசுகளில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திடுவார்களா என்று தெரிந்துகொள்ளாமல் பேச்சைத் தொடரக்கூடாது என்று அதை விட்டுவிட்டோம். நாகூரிலேயே மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு மனை பிடித்திருக்கிறது. உரிமையாளர் அவசரப்படுத்துகிறார். சென்ற ஆடியில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பை வேகவைத்துப் பார்த்தாகிவிட்டது. கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குடை பிடித்து நின்று பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுப்போம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.